மூலையில் கறுப்பு பட்ட கடிதம்

துப்பாக்கிச் சத்தம். இரண்டு. நின்றது. மறுபடியும் ஒன்று.

லோங்காங்கில், தெருவோரக் கால்வாயில், குனிந்து நிற்கிறேன். முழங்கால் வரை சாக்கடைத் தண்ணீர். கிழிந்த காகிதத் துண்டுகளைப் பொறுக்குகிறேன். ஊரடங்குச் சங்கு ஊதிவிட்டது. காஜா பேராங் சாலையில் ஒரு சைக்கிள்கூட இல்லை. அப்படி ஒரு பயம்.

"அடியே, உள்ள வாடி! சுட்டுப்புடுவானுங்க!" கதவிடுக்கில் அம்மா.

கிழித்தவளே அவள்தான். எனக்கு வந்த கடிதம். மூலையில் கறுப்பு இருந்தது. கறுப்பு தடவி வந்தால் சாவுச் செய்தி, வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. யார் சாவோ, கல்யாண வயதுப் பெண் கையில் படவேண்டாம் என்று வாசலிலேயே கிழித்து வீசிவிட்டாள்.

நான் விரும்பிய கதிரேசன் பட்டாளத்தில் இருந்தார். கம்யூனிஸ்டுகளைத் தேடிக் காட்டுக்குள் போகிற பட்டாளம். ராஜம்மா என்று பெயர் போட்டு எழுதுவார். என் தோழி என்று வீட்டில் நம்பினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கவிதை இருக்கும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுவேன். அப்பாவிடம் அவ்வளவு பயம்.

ஒரு துண்டை முகர்ந்தேன். துப்பாக்கிக்குப் போடும் எண்ணெய். கறுப்பு அதுதான். கையெழுத்து அவருடையது. கடவுளே, உயிரோடு இருக்கிறார்!

உள்ளே ஓடினேன். துண்டுகளை அடுப்படியில் பரப்பினேன்.

'மழை ஓய்ந்தும் பால்மரம் சொட்டுகிறது. நீ பேசி ஓய்ந்தும் எனக்குக் கேட்கிறது.'

அதன் கீழே: 'ஞாயிறு சாயங்காலம் பெண் கேட்க வரட்டுமா? முதலில் நீ வந்து சரி சொல். நான் நிற்கும் இடம்...'

இடம் எழுதிய துண்டு இல்லை. தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

"யாருடி அவன்?" அம்மா கேட்டாள். அழுதுகொண்டே சொன்னேன். அவள் அடிக்கவில்லை. "ஐயோ, நா என்னத்தப் பண்ணிட்டேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிறு. பஸ் நிலையம். கோயில் வாசல். ஆற்றுப் பாலம். ஓடி ஓடித் தேடினேன். எங்கேயோ நின்றிருப்பார். நான் வரவில்லை என்று திரும்பியிருப்பார். எழுதிக் கேட்க அவர் முகவரி என்னிடம் இல்லை. அதற்குப்பின் கடிதமே இல்லை.

பிறகு ஒரு காலை. அப்பா பத்திரிகையை உரக்கப் படிக்கிறார். பட்டாள லாரியைக் காட்டுப்பாதையில் மறித்துச் சுட்டார்களாம். செத்தவர்களில் கதிரேசன்.

"பாவம், நம்ம தமிழ்ப் பையன்."

அம்மா எழுந்தாள். என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். தலையில் தண்ணீர் ஊற்றினாள். உறவில் சாவு என்றால் செய்கிற முழுக்கு.

"காலங்காத்தால என்ன கூத்து இது?" அப்பா கத்தினார். அம்மா அடுத்த வாளியைத் தூக்கினாள்.

போனவர், கதிரேசன். போனது, உள்ளங்கை அகலக் காகிதம். மிச்சம், நாலு துண்டு. அவர் சாவுக்குக் கறுப்பு தடவிய கடிதம் எனக்கு வரவில்லை. யார் போடுவார்கள்?