மேசைக்கும் வரிசைக்கும் நடுவுல ஒரு துணி

இல்லைங்க மேடம், உங்க பிளானை நான் குத்தமே சொல்லலை. அருமையான பிளான். தரையில சாக்பீஸால கோடு போட்டு, அம்புக்குறி போட்டு வச்சிருக்கீங்க பாருங்க, அதைப் பாத்தாலே என் காலு தானா நடக்குது. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. அந்த முதல் மேசை இருக்குல்ல, நர்ஸம்மா உக்காந்து கேள்வி கேக்கப்போற மேசை, அதுக்கும் வரிசைக்கும் நடுவுல ஒரு துணி கட்டணும். அவ்வளவுதான்.

காத்தோட்டமா? அதுவும் சரிதான். மூச்சுல பரவற காய்ச்சலு, மூடின இடம் ஆகாது. ஒத்துக்கறேன். ஆனா நான் என்ன ரூமா கட்டச் சொல்றேன்? ஜன்னல் பக்கம் திறந்தே கிடக்கட்டும். வரிசை இருக்கற பக்கம் மட்டும் ஒரு துணி. இந்தத் தூணுலேருந்து அந்தத் தூணுக்கு ஒரு கயிறு. டேப்பைப் பிடிங்க, நானே அளந்து காட்டறேன்.

நான் யாரா? அதுசரி, கீழ சொல்லியிருப்பாங்களே. மேல கேன்டீன்ல ஒரு கிழவன் வந்து தொணதொணப்பான், காதுல வாங்கிக்காதீங்கன்னு. ஸ்டோர்ஸ்ல இருக்கேன் மேடம். இந்த அட்டைப்பெட்டிக் கம்பெனி ஆரம்பிச்சப்ப முதல் பெட்டிக்குள்ள என்னை வச்சுத்தான் ஒட்டினாங்க. ரீல் மாமான்னு கேட்டா காக்காகூட வழி காட்டும். அளந்து விடுவேன், அதான் தொழிலு. ஸ்டோர்ஸ் வேலை சும்மா பொழுதுபோக்குக்கு.

ஆங், சிரிச்சீங்க. இப்ப பேசலாம். உக்காருங்களேன், பெஞ்சுல.

போன தடவை இதே காய்ச்சல் வந்தப்ப நீங்க இங்க இல்ல. ஆஸ்பத்திரில இடமில்ல, ஊரெல்லாம் கூடினா இன்னும் பரவும், அதனால பெரிய கம்பெனியெல்லாம் அவங்கவங்க ஆளுங்களுக்கு அவங்கவங்களே தடுப்பு மாத்திரையைக் குடுத்துக்கணும்னு சொல்லிட்டாங்க. எங்க மேனேஜருக்குப் பெட்டி பண்ணத் தெரியும், மாத்திரை குடுக்கத் தெரியுமா? அந்த மனுஷன் பாவம், தூங்காம உக்காந்து பிளான் போட்டாரு. அன்னிக்கு வரிசை எவ்வளவு நீளம்னு நினைக்கறீங்க? இந்த வாசல்ல ஆரம்பிச்சு, படி இறங்கி, கட்டிங் செக்‌ஷனைச் சுத்தி, கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போயி, பின்பக்கமா வந்து சுவர் ஏறிடுச்சு. கடைசி ஆளு அதோ அந்த ஜன்னல் வழியா தலையை நீட்டி, முதல் ஆளுகிட்ட மணி என்னன்னு கேட்டான். மழமழன்னு சவரம் பண்ணிட்டு நின்ன ஒருத்தன் மேசைகிட்ட வர்றப்ப தாடி இத்தனை. போட்டோல இருக்கறது நீ இல்லேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

சரி சரி, ரீலுதான். தாடி கொஞ்சம் சின்னது.

விஷயத்துக்கு வர்றேன். மாத்திரை ரெண்டு தினுசு. உங்களுக்கே தெரியும், நான் போய் உங்களுக்குச் சொல்றேன் பாருங்க. எல்லாருக்கும் வெள்ளைப் பொட்டலம். வயித்துல புள்ள இருக்கறவங்களுக்கு அது ஆகாது, அவங்களுக்கு மஞ்சள் பொட்டலம். அதுக்குத்தானே முதல் மேசைல அந்தக் கேள்வியெல்லாம். முன்னாடி ஏதாவது மாத்திரை ஒத்துக்காம போயிருக்கா, வலிப்பு உண்டா, மாசமா இருக்கீங்களா. ஒருத்தரையும் விடாம கேக்கணும்னு மேலேருந்து உத்தரவு. நர்ஸம்மா நல்லவங்க, ஆனா உத்தரவுன்னா உத்தரவு. தலையே நிமிராம, வர்றது ஆணா பொண்ணான்னுகூடப் பாக்காம, எல்லார்கிட்டயும் எல்லாக் கேள்வியும் கேட்டாங்க. பக்கத்துல அந்தப் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் வேற ஓடுது. அதோட சத்தத்துக்கு மேல கத்தணும். பதில் சொல்றவனும் கத்தணும்.

எங்க ஆளுங்க சும்மா இருப்பானுங்களா? ஒத்துக்காதது ஏதாவது உண்டான்னு கேட்டா, மேஸ்திரி குரலைக் கேட்டா உடம்பெல்லாம் அரிக்குதும்மா, அதுக்கும் சேத்து மாத்திரை குடுங்கன்னான் ஒருத்தன். வரிசை பூரா சிரிப்பு. எல்லாரும் பயந்துபோய் நின்ன நாளு மேடம் அது. யாரு வீட்ல யாரு போவாங்கன்னு தெரியாத நேரம். சிரிக்க ஒண்ணு கெடச்சா விடுவானுங்களா?

அப்புறம் அந்த மேஸ்திரியே வந்தாரு. தொப்பை மேஸ்திரின்னு பேரு, மேசைக்கு முதல்ல வயிறு வந்துச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு அவரு வந்தாரு. நர்ஸம்மா குனிஞ்சபடியே கத்தறாங்க, மாசமா இருக்கீங்களா? மேஸ்திரி வயித்தைத் தடவிக்கிட்டே, எட்டு முடியப் போவுதும்மா, வளைகாப்புக்குக் கட்டாயம் வந்துடுங்கன்னாரு. ஐயோ, இந்த ஹால்ல அன்னிக்குச் சிரிச்ச சிரிப்பு இருக்கே! பெஞ்சைத் தட்டறான் ஒருத்தன், முகமூடியைக் கழட்டிக் கண்ணைத் தொடைக்கறான் ஒருத்தன். பையனா பொண்ணான்னு பின்னாலேருந்து ஒரு குரல். யார் அப்பான்னு இன்னொரு குரல்.

அந்தச் சிரிப்பு அடங்கல மேடம். அதுக்குள்ள அடுத்த ஆளு மேசைக்கு வந்தாச்சு.

பசை செக்‌ஷன்ல வேலை பாக்கற ஒரு பொண்ணு. கல்யாணமாகி அஞ்சாறு வருஷம் இருக்கும். முன்னாடி ஒரு தடவை உண்டாகித் தங்காம போச்சு. அப்ப கம்பெனி பூரா தெரியும். ஒவ்வொருத்தரா வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு ஆறுதல் சொன்னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க, ஒருத்தரையும் குறை சொல்ல முடியாது. ஆனா வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் அவ முதல்லேருந்து அழ வேண்டியிருந்துச்சு. அதனால மறுபடி உண்டானப்ப, கொஞ்சம் திடமாகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு புருஷன்கிட்ட மட்டும் சொல்லி வச்சிருக்கா. அந்தப் புருஷன் லாரி ஓட்டறவன், அன்னிக்கு ஊர்ல இல்ல.

நர்ஸம்மா கத்தறாங்க, மாசமா இருக்கீங்களா?

ஹால் பூரா இன்னும் கெக்கேபிக்கேன்னு சிரிச்சுக்கிட்டிருக்கு. அவளைப் பாத்து இல்ல. மேஸ்திரியை நினைச்சுத்தான். ஆனா அவ எப்படி அங்க நின்னு ஆமான்னு கத்துவா, சொல்லுங்க.

அதுமட்டும் இல்ல. ஒரே வீட்டு ஆளுங்க கம்பெனில ரெண்டு பேர் இருந்தா ஒண்ணா வரணும்னு வேற பிளான்ல இருந்துச்சு, வீட்டுக்குக் குடுக்கற பொட்டலம் ரெண்டு தடவை போயிடக் கூடாதுன்னு. அதுவும் நல்லதுக்குத்தான். அதனால அவளுக்கு அடுத்தாப்புல அவ மாமனார் நிக்கறாரு. கைக்கெட்டற தூரத்துல. அவ ஒரு தடவை திரும்பிப் பாத்தா, அவரை. பாத்துட்டு, நர்ஸம்மா பக்கம் திரும்பி, இல்லைங்கன்னா.

அந்த ஒரு சொல்லு மட்டும் கத்தாமலே எல்லாருக்கும் கேட்டுச்சு.

வெள்ளைப் பொட்டலம் வந்துச்சு. வாங்கிட்டுப் போயி தூக்கி எறிஞ்சிருக்கலாமேங்கறீங்களா? முதல் மாத்திரையை அங்கேயே முழுங்கிக் காட்டணும் மேடம், உங்க பிளான்ல இருக்கற மாதிரியேதான். அதுவும் வேணும். இல்லாட்டி பாதிப் பேரு பாக்கெட்ல போட்டுட்டுப் போயிடுவானுங்க. அவ உள்ளங்கைல மாத்திரையை வச்சுக்கிட்டு நிக்கறா. நிக்கறா. அந்த மாமனாரு, அவரும் நம்மள மாதிரி வாய் ஓயாத ஆளு, கசக்கும்னு பயப்படறியாம்மா, கண்ணை மூடிட்டு முழுங்கிடு, பின்னால வரிசை சுவர் ஏறி நிக்குதுன்னு சொல்லி, தம்ளர்ல தண்ணியை எடுத்து அவ கைல குடுத்தாரு.

குடிச்சுட்டா.

அப்புறம் என்னவா? கொஞ்ச நாள்ல ஒரு காலைல ஆஸ்பத்திரி. அந்த மாத்திரையாலதான் போச்சுன்னு டாக்டர் அடிச்சுச் சொல்லலை. அது இல்லாமலும் போயிருக்கலாம்னாரு. இருக்கலாம். ஆனா தெரியாம போச்சு பாருங்க, அதுதான். இனிமே எந்தக் காலத்துலயும் தெரியாது.

மாமனார்கிட்ட வயித்து வலின்னு சொன்னாங்க வீட்ல. அவரும் அப்படியான்னு கேட்டுக்கிட்டாரு. அன்னிக்கு ராத்திரியே அவரு பொண்டாட்டிக்காரி, மருமக தன்கிட்ட சொன்னதையெல்லாம் அழுதுக்கிட்டே சொல்லிட்டா. சொல்லிட்டு, உங்களுக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா செத்துடுவா, உங்க முன்னாடிதான் இல்லேன்னு சொன்னா, உங்க கையாலதான் தண்ணி வாங்கிக் குடிச்சான்னு... வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. ஒரு ரகசியத்தையும் சாயங்காலம் வரைக்கும்கூட வச்சுக்கத் தெரியாத ஆளு மேடம் நான். இதை வச்சுக்கிட்டிருக்கேன்.

ம். நான்தான். பின்ன வேற யாரு?

அவ ஆஸ்பத்திரிலேருந்து வந்தப்ப கட்டில் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்தேன். என்ன பேசறது? ஆஸ்பத்திரி லிஃப்டு என்னைத் தூக்கிட்டு மொட்டை மாடியையும் தாண்டிப் போயிடுச்சு, மேகத்துல நின்னுச்சு, அங்க ஒரு ஆளு எந்த மாடின்னு கேட்டான்னு எதையோ அளந்தேன். சிரிச்சா. எனக்காக சிரிச்சா. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஒளிச்சு வச்சுக்கிட்டுச் சிரிச்சோம். இன்னிவரைக்கும் அப்படித்தான் ஓடுது.

வேண்டாம்மா, நீங்க கண்ணைத் தொடைங்க முதல்ல. மேடம்னு கூப்பிட்டு கூப்பிட்டு இப்ப அம்மான்னு வருது, தப்பா எடுத்துக்காதீங்க.

நர்ஸம்மா மேல தப்பு இல்ல. மேஸ்திரி மேலயும் இல்ல, அந்தாளு அன்னிக்கு எத்தனை பேரோட பயத்தைப் போக்கினாரு. இப்ப காய்ச்சல் திரும்பத் தலையெடுத்திருக்கு, அதே மாத்திரைதான், வெள்ளிக்கிழமை இங்கதான் வரிசைங்கறீங்க. அதான் கேக்கறேன். ஒரு துணி. அந்த எக்ஸாஸ்ட் ஃபேனைக் கொஞ்ச நேரம் நிறுத்திட்டு ஜன்னலைத் திறந்து விட்டுடுங்க, மெதுவாக் கேக்கலாம். அப்புறம் இன்னொண்ணு, வெள்ளையோ மஞ்சளோ, எல்லாத்தையும் வெளிய தெரியாத ஒரே மாதிரிப் பையில போட்டுக் குடுங்க. திரைக்குள்ள வாய் திறந்து சொல்லிட்டு, மஞ்சள் பொட்டலத்தைக் கைல தூக்கிட்டு வெளிய வந்தா ஊருக்கே தமுக்கு அடிச்ச மாதிரிதானே? பைக்குக் காகிதம் வேணும்னா ஸ்டோர்ஸ் என்னோடது, எவ்வளவு வேணுமோ எடுத்துக்கங்க.

நேரம் ஆகும்தான். ஆகட்டுமே. தாமதமானா நான் வரிசைல நடந்துக்கிட்டே ரீல் விடறேன், ஒருத்தனும் முணுமுணுக்க மாட்டான்.

ஒரே வீட்டு ஆளுங்க சேந்து நிக்கணும்ங்கறதையும் எடுத்துடுங்க. எடுக்க முடியாதா? அப்ப அன்னிக்கு நான் வரலை. லீவு. என் மாத்திரை பொதுவுல குடுக்கற இடத்துல நின்னு வாங்கிக்கறேன். அங்க கூட்டம்தான், தெரியும். இந்த உடம்பு நிறைய பாத்துடுச்சும்மா. நான் பின்னால நிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நடந்தது நடந்துபோச்சு, இப்ப ஏன் இவ்வளவு அவசரம்னு பாக்கறீங்க. அது வந்து... கொஞ்ச நாளா காலைல டீ போட்டு எனக்கு ஒண்ணு குடுத்துட்டு, அவளும் எதிர்ல ஒண்ணு வச்சுக்கிட்டு உக்காருவா. நான் செருப்பு மாட்டத் திரும்பினதும் அவ டீயைத் தொட்டியில ஊத்திடறா. தண்ணியைத் திறந்து விட்டு வாசனை போற வரைக்கும் கழுவறா. போன தடவையும் டீ வாசனை ஆகலைன்னு பின்னால பொண்டாட்டி சொன்னா. யாரும் எதுவும் சொல்லலை என்கிட்ட. நானும் பாக்கலை. இதோ உங்ககிட்ட சொல்ற வரைக்கும் பாக்கலை.

பேரு வேண்டாம்மா. அவளுக்குன்னு இல்லாம எல்லாருக்குமா ஒரு துணி தொங்கட்டும். யாராவது ஏன்னு கேட்டா அந்தக் கிழவன் ஏதோ உளறினான்னு சொல்லிடுங்க, உடனே நம்பிடுவாங்க.

இருங்க, டேப்பைப் பிடிங்க. அளக்கற மாதிரி பிடிங்க. வர்றா.

வாம்மா! சாப்பிட்டாச்சா? கையெல்லாம் பசை, கழுவலையா நீ? ஒண்ணுமில்லம்மா, இவங்க ஹெல்த் ஆபீசர், வெள்ளிக்கிழமைக்கு இடம் அளக்கறாங்க, கூட இருந்து கதை விட்டுட்டிருக்கேன். ஆமா, சிரிச்சுச் சிரிச்சுக் கண்ல தண்ணி வந்துடுச்சு பாரு அவங்களுக்கு. என்ன கதையா? சாயங்காலம் சொல்றேன், போ, மணி அடிக்கப் போவுது. மெதுவாப் போம்மா. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு இறங்கு. எதுக்கா? படியெல்லாம் ஈரம், இப்பதான் கழுவி விட்டாங்க. பாத்து. பாத்துப் போ.

போயிட்டா. படியில ஈரமெல்லாம் இல்லம்மா. காஞ்சுதான் கெடக்கு.