இரண்டாவது மாலை

சமயநல்லூர் போகும் டவுன் பஸ் ரயில்வே கேட்டில் நின்று பதினேழு நிமிடம் ஆகியிருந்தது. முன் இருக்கையில் தொப்பி அணிந்த இருவர். பெரியவரின் மடியில் ஒரு ரோஜா மாலை.

"பள்ளிவாசல்ல மகளுக்கு நிக்காஹ், பெத்த அத்தா பஸ்ஸுல. நல்லா இருக்கு மச்சான்!" என்றார் இளையவர். "வீட்டுல மாலை இருக்கையில இது எதுக்கு?"

"அது வாடிட்டா?"

"சாட்சிக்கு ரெண்டு பேர் போதும், நாலு பேருக்குச் சொல்லியிருக்கீக. அல்லாஹ் மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு மாப்ள. அதுக்காக என் வேலையையும் அவன்கிட்டயே தள்ளிவிட முடியுமா?"

"பதினோரு மணிக்கு நிக்காஹ். இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு. நீங்க போகாட்டி?"

"என் இடத்துல நின்னு நடத்திவைக்கச் சொல்லி, நிக்காஹ் ஓதுற ஹஜ்ரத்தை வச்சுக்கிட்டே என் தம்பிகிட்ட பேசிட்டேன். நிக்காஹ் தடைபடாது." அவர் குரல் இறங்கியது. "நான்தான் பார்க்க முடியாது."

சரக்கு ரயில் வந்தது, நாற்பத்திரண்டு பெட்டிகள். கடைசிப் பெட்டி கடந்தபோது அவர் போன் அடித்தது. பேசி முடித்தவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"மாப்பிள்ளைக்கு வச்சிருந்த மாலைய ஆடு தின்னுருச்சாம்!"

"யா அல்லாஹ்! அப்புறம்?"

"மாலையோட நான் வந்த பிறகுதான் நிக்காஹ்னு ஹஜ்ரத் சொல்லிட்டாராம்!"

கேட் திறந்தது. இளையவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! ஏன் மச்சான், அந்த ஆட்டுக்கும் முன்கூட்டியே சொல்லி வச்சிருந்தீகளா?"