வேப்பிலை செருகிய வாசல்

— ஒரே ஒரு துண்டு குடு செல்வம்மா. வேப்பந்தட்டப் பண்ணையிலேருந்து ஓடியாந்து மூணு நாளா பச்சத்தண்ணிதான். அந்தக் கருவாட்டு வாசம் ஆளக் கொல்லுது.

— தலைய உள்ள இழு அண்ணே! நெல்லுக் குதிர விட்டு வெளிய வராத. பண்ணையோட காரியக்காரரு அந்தா தெரு முனைக்கே வந்துட்டாரு.

— அய்யம்பெருமாளா? போச்சு. இந்தத் தடவ புளியமரத்துல கட்டுனா என்ன உசுரோட அவுக்க மாட்டாங்க.

— பேசாத. நெலையில வேப்பில சொருகிட்டேன். அம்மைன்னா எவனும் படி ஏற மாட்டான்.

— ஏ செல்வம்மா! என்ன புள்ள, வாசல்ல வேப்பில?

— அங்கயே நில்லுங்கய்யா! வூட்டுல ஆத்தா வந்திருக்கா. எங்கண்ணன் அமாவாசை இங்க வரவே இல்லீங்க.

— நான் இன்னும் அவனக் கேக்கவே இல்லையே தாயி. யாருக்கு அம்மை?

— எங்க வூட்டுக்காரருக்குங்க.

— செல்லக்கண்ணுக்கா? பாவம். இப்பத்தான் அரியலூர்ச் சந்தையில கடல மூட்டையத் தூக்கிக்கிட்டு ஓடுறான். ஒடம்புல ஒரு முத்துகூடத் தெரியலையே.

— அவருக்கு எறங்கிடுச்சுங்க. இப்ப மாமியாருக்கு.

— ஒம் மாமியா தை மாசமே போய்ச் சேந்துட்டா. கருமாதிக்கு ஒங்கண்ணன ஒரு நாள் விட்டு அனுப்புனதே நாந்தான். அதுக்குப் பண்ணையாரு மூணு நாளு எனக்கு மொகம் குடுக்கல.

— ஐயோ, நாத்தனாருக்குங்க! நாத்தனாருக்கு!

— அப்படிச் சொல்லு. நான் ஒரு கூமுட்டைப் பய, ஒண்ணு கெடக்க ஒண்ணு கேக்குறேன்.

— வேணும்னா உள்ள வந்து பாருங்கய்யா.

— நானா? மூணு பொண்ணப் பெத்தவன் தாயி. கொல்லையில கீரிப்புள்ளையப் பாத்தாலே வேட்டிய அவுத்துப் போட்டுட்டு ஓடுவேன், ஆத்தாகிட்டயா வம்பு? துள்ளுறது பண்ணையாருதான். பாதி ஆளு பட்டாளத்துல சேந்து சண்டைக்குப் போயிட்டான், மிச்சமும் ஓடுனா எப்புடிங்கிறாரு. 'என் மாடு ஓடுனா புடிக்க மாட்டேனா'ங்கிறாரு.

— எங்கண்ணன் மாடு இல்லீங்க.

— மாடா இருந்தா வேளைக்குத் தீனி வச்சிருப்பாரே.

— அவன் எங்க போனானோ, எனக்கென்னங்க தெரியும்?

— பொன்மலை ரயில் பட்டறை வேலைக்கு ரயிலேறப் போறான்னு பேச்சு. அரியலூர் ஸ்டேஷன்ல நாலு தடியனுங்கள நிறுத்தியாச்சு. சில்லக்குடி ஸ்டேஷனுக்கும் ஆள் வேணுமான்னு பண்ணையாரு கேட்டாரு. அவ்ளோ தூரம் எவன் நடப்பான்னு நாந்தான் வேணாம்னுட்டேன். நான் போட்ட திட்டம் என்னிக்கு உருப்பட்டிருக்கு?

— இதயெல்லாம் எங்கிட்ட ஏங்கய்யா சொல்றீங்க?

— பொலம்பல்தான் புள்ள. பொழுது சாய பண்ணையாரே வண்டி கட்டிக்கிட்டு வராரு. அதுக்குள்ள ஆத்தாள ஒரு வார்த்த வேண்டிக்கிறேன். அம்மை போட்டவங்க ஒடம்புலதான ஆத்தா இருக்கா?

— வேண்டிக்கங்க. அங்கேருந்தே வேண்டிக்கங்க.

— உள்ள இருக்குறவங்களே! புளியமரத்துல கவுறு கட்டுனது இந்தக் கைதான். வேணாம்னு சொல்ல வாய் வரல. பொறுத்துக்கங்க தாயி. நல்லபடியாக் குளுந்து மலையேறுங்க.

— ஐயா, ஏங்க கண்ணு கலங்குது?

— அடுப்புப் பொகை. சரி, அம்மை வூட்டுல 'போயிட்டு வரேன்'னு சொல்லக்கூடாது, நான் பாட்டுக்கு நடக்குறேன். ஒண்ணே ஒண்ணு செல்வம்மா. ஆத்தா இருக்குற வூட்டுல எவளும் கருவாடு வறுக்க மாட்டா. பண்ணையாரு வர்றதுக்குள்ள அந்தச் சட்டியக் குதிருக்குள்ள குடுத்து, அவனையே காலி பண்ணச் சொல்லு. சில்லக்குடிக்கு நடக்கணும்ல.