மாறாத அறுபத்திரண்டு

சிஸ்டர்: பதினோரு நாளா அறுபத்திரண்டு கிலோ. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை... நோட்டு ரொம்ப அழகா இருக்குக்கா.

மனைவி: காலைல பாத்ரூம் போயிட்டு வந்ததும் வெறும் வயித்துல இவரை எடை மெஷின்ல ஏத்திருவேன் சிஸ்டர். ஆஸ்பத்திரியில சொன்ன மாதிரியே.

மாஸ்டர்: டீ கூட அப்புறம்தான். இவ்வளவு கண்டிப்பா நான் அளவெடுத்திருந்தா என் தையல் கடை மூணு மாடி ஏறியிருக்கும்.

சிஸ்டர்: பேச்சு குறையலை மாஸ்டர். காலை நீட்டுங்க.

மாஸ்டர்: மெதுவா... கூசும்.

சிஸ்டர்: விரலை எடுத்துட்டேன். குழி அப்படியே நிக்குது பாருங்க.

மனைவி: அது... காலைத் தொங்கப் போட்டே உட்கார்ந்திருக்காருல்ல...

சிஸ்டர்: ராத்திரி மூச்சு முட்டாம படுக்க எத்தனை தலையணை?

மனைவி: ஒண்ணு.

மாஸ்டர்: ஒண்ணேதான்.

சிஸ்டர்: அப்ப அந்த நாற்காலியில மூணு தலையணை, போர்வை... யாரு தூங்கறது?

மாஸ்டர்: அது... விருந்தாளி யாராவது...

சிஸ்டர்: ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குது. விளையாடாதீங்க. ஹார்ட்டு பலம் இல்லாதப்ப தண்ணி உடம்புலயே தங்கிடும்னு எத்தனை தடவை சொன்னேன்? இடுப்பு இறுக்கமா இருக்கா?

மனைவி: இல்லை சிஸ்டர், பழைய பேண்ட்தான். நல்லா தொளதொளன்னு...

சிஸ்டர்: கொஞ்சம் திரும்புங்க மாஸ்டர்... இதென்ன, பின்னாடி நூல் புதுசு? பழைய தையல் ஓடின தடம் அப்படியே தெரியுதே.

மாஸ்டர்: விடுங்க சிஸ்டர், சட்டையை இறக்கி விட்டுக்கறேன்.

சிஸ்டர்: எப்ப பிரிச்சீங்க?

மாஸ்டர்: போன வாரம் ஒரு இஞ்ச். நேத்து... இன்னொண்ணு.

மனைவி: அடப்பாவி மனுஷா! நான் குளிக்கும்போது தையல் மெஷின் சத்தம் கேட்டுச்சே... தலையணை உறைன்னீங்களே!

மாஸ்டர்: கத்தாதடி... தலையணை உறையும்தான் தைச்சேன்.

சிஸ்டர்: ரெண்டு இஞ்ச் வயிறு ஏறியிருக்கு, எடை மட்டும் எப்படி ஏறாம இருக்கும்? எடை மெஷினை இங்க கொண்டாங்கக்கா.

மனைவி: அது எதுக்கு... அது சரியாத்தான்...

சிஸ்டர்: யாருமே ஏறலை. முள்ளு ஏன் சைபருக்குக் கீழ அஞ்சு கிலோ தள்ளி நிக்குது?

மனைவி: குடுங்க சிஸ்டர், நான் உள்ளே வச்சிடறேன்...

சிஸ்டர்: அடியில இருக்கற திருகைத் திருப்பினாத்தான் நகரும். யாரு திருப்பினது?

மனைவி: நான்தான்.

சிஸ்டர்: ஐயோ... ஏன்க்கா?

மனைவி: வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். இன்னொரு தடவை நீர் கோத்துக்கிட்டு வந்தா திரும்ப அனுப்பறது கஷ்டம்மான்னார். ரெண்டாம் நாளே அறுபத்திமூணு காட்டுச்சு... லேசாத்தான் திருப்பினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம்... அப்புறம்...

சிஸ்டர்: மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா போன் பண்ணுங்கன்னு நோட்டு அட்டையிலயே எழுதிக் கொடுத்தேனே! அன்னிக்கே கூப்பிட்டிருந்தா தண்ணி இறங்கற மாத்திரையை ஒண்ணு கூட்டியிருப்போம். அவ்வளவுதான்க்கா வேலை. இப்ப அஞ்சு கிலோ தண்ணி... நெஞ்சு வரைக்கும்...

மனைவி: ஒரு மாத்திரையா...

சிஸ்டர்: அழாதீங்க. ஆம்புலன்ஸ் சொல்றேன். துணியை எடுத்து வைங்க.

மனைவி: என் கையாலேயே கொன்னுட்டேனே... ஒரு மாத்திரைக்கா...

சிஸ்டர்: மாஸ்டர், நீங்களாவது வாயைத் திறந்திருக்கலாம். காலம் பூரா அளவெடுத்த மனுஷன். முள்ளு பொய் சொல்றது உங்களுக்குத் தெரியலையா?

மாஸ்டர்: அவ திருப்பின அன்னிக்கே தெரியும் சிஸ்டர்... தினமும் அவ அறுபத்திரண்டுன்னு எழுதிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பா. பேண்ட் இறுகுதுன்னு தெரிஞ்சா அதுவும் நின்னுடும்... அதான், அவ எழுதின எடைக்குப் பொருந்தற மாதிரி பிரிச்சுத் தைச்சுக்கிட்டேன்.