கதவுக்குள்ள போன கால்மிதி

இல்ல சார், அத யாரும் திருடிட்டுப் போகல. உங்க வாசல்ல கெடந்த ரப்பர் கால்மிதிதானே? இதோ, என் வண்டியோட முன்கதவுக்குள்ள பத்திரமா இருக்கு. மொறைக்காதீங்க. இவ்ளோ நாளும் உங்ககிட்ட மிதி வாங்கிட்டுக் கெடந்துச்சு, இப்பதான் அதுக்கு வண்டிச் சத்தத்த அடக்குற உத்தியோகம் கெடச்சிருக்கு.

உங்க வீட்டம்மாவக் கேட்டுத்தான் எடுத்தேன். அவங்க கூடவே இன்னொண்ணும் குடுத்தாங்க, உடம்பு எளைக்க வாங்கினாங்களே, அந்த எக்சர்சைஸ் பண்ற பாய். சுத்தியிருந்த கயிறே அவுக்கல சார். ஒருத்தரும் சீண்டாம அதுதான் எளைச்சுப் போயி மூலையில நின்னுச்சு. இப்ப கார்ப்பெட்டுக்குக் கீழ நிம்மதியாப் படுத்திருக்கு.

கோவத்த அப்புறம் வச்சுக்கங்க, மொதல்ல பின்சீட்டுல ஏறுங்க. ஒரு சின்ன உதவி. தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பலாம். எங்கயாச்சும் சத்தம் வருதான்னு காதக் குடுத்துக் கேட்டுச் சொல்லுங்க. எங்க வீட்ல கெளம்பிட்டு இருக்கா, இப்ப எறங்கி வந்துருவா. அவ ஏறுறப்ப வண்டி கடகடன்னுச்சு, நான் தொலைஞ்சேன்.

கதவ அறையாதீங்க, சும்மா தள்ளுங்க போதும். கேட்டீங்களா? தொப். தலகாணி விழுந்த மாதிரி இல்ல? முன்னாடின்னா டொய்ங்ங்னு, மாடிப்படியில அண்டா உருண்ட கணக்கா இருக்கும். ஓரம் பூரா பழைய சைக்கிள் டியூப்பக் கிழிச்சு ஒட்டியிருக்கேன். நம்பர் பிளேட் பின்னாடி என் செருப்பு.

மொதல்ல மெக்கானிக்கிட்டத்தான் போனேன். மனுசன் எப்பவும் வாயில நாலு ஸ்க்ரூவ வச்சுக்கிட்டேதானே பேசுவாரு, அப்படியே பேசிக் காட்டுறேன் கேளுங்க. ம்ழ்ம், அழ்ணே, இந்த வழ்ழில சழ்ழத்த நிழுத்தணும்னா, வழ்ழிய நிழுத்திரணும். சிரிக்கிறீங்க பாத்தீங்களா, இப்ப கோவம் எங்க போச்சு?

சரி, நாமளே பாத்துக்கலாம்னு எறங்கினேன். அங்கதான் கூத்து. பழைய மெத்தையக் கிழிச்சு, பஞ்ச அவ்ளோத்தையும் கதவுக்குள்ள திணிச்சேன். அப்படி ஒரு அமைதி, எனக்கே பெருமை தாங்கல. மறுநாள் மழை. கண்ணாடி வழியா உள்ள எறங்குற தண்ணி கதவுக்கு அடியில இருக்கிற ஓட்டை வழியா வெளிய போகணுமாம், எனக்கு யாரு சொன்னா? பஞ்சு ஓட்டைய அடைச்சுக்கிட்டு மொத்தத்தையும் குடிச்சிருச்சு. தொறந்தா கதவு எரும கணக்கா கனக்குது, சொட்டுது. எங்க வீட்ல வந்து பாத்தா. துணி காயப்போடுற கிளிப்பு ரெண்ட எடுத்து கதவுல மாட்டிட்டுப் போயிட்டா. அந்த நக்கல் எங்கயும் வராது சார். அதுக்கப்புறம்தான் ரப்பருக்கு மாறினேன். ரப்பர் தண்ணி குடிக்காது பாருங்க.

மேல பாக்காதீங்க. முட்டை அட்டை ஒட்டிப் பாத்தேன், பள்ளத்துல எறங்கினா தலையெல்லாம் அட்டைத்தூள். பிச்சு எறிஞ்சிட்டேன்.

ம், இப்ப கேளுங்க. என்னது, கிணுகிணுன்னா? எங்கேர்ந்து? கதவா? சீட்டா? நிறுத்துறேன் இருங்க. சார், அது உங்க சாவிக்கொத்து. கையில புடிங்க. இப்ப? ஒண்ணுமில்லையா? பாவம்னு பொய் சொல்லாதீங்க. நெஜமாவா?

அப்பாடா.

எதுக்கு இவ்ளோ பாடுன்னு கேக்குறீங்களா? எங்க வீட்டுக்காரியப் பத்தி உங்க வீட்ல ஏதோ சொன்னாங்களாமே, கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குறா, திமிருன்னு. திமிரும் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்கு முன்னாடி காது கேக்காது சார். சின்ன வயசுல காய்ச்சல்ல போனது, ஏதோ கொஞ்சம்தான் மிச்சம். போன மாசம்தான் கெஞ்சிக் கூத்தாடி மெஷின் மாட்ட வச்சேன். மாட்டிக்கிட்டு ஆஸ்பத்திரியிலேர்ந்து இதே வண்டியிலதான் வந்தோம். அந்த மெஷினுக்குப் பேச்சு எது, தகரம் எதுன்னு தெரியாது, எல்லாத்தையும் பெருசாக்கிக் காதுல கொட்டும். பாதி வழியில கழட்டிட்டா. உலகம் இவ்ளோ மோசமாவா கத்துதுன்னு கேட்டா. உலகம் இல்லடி, நம்ம வண்டின்னேன். கேக்கல, டப்பாவுல போட்டு மூடிட்டா. இன்னிக்கு ஒரே ஒரு தடவ மாட்டிப் பாக்குறேன்னிருக்கா. இதுல கழட்டினா அவ்ளோதான், இனிமே தொட மாட்டா.

நாள் பூரா நாங்க இந்த வண்டியிலதானே. கடை கடையா ரொட்டி போடுறோம், அவ பக்கத்து சீட்டு. ஒவ்வொரு கடையிலேர்ந்தும் கெளம்பினதும் அந்தக் கடைக்காரர் மாதிரியே பேசிக் காட்டுவேன். விழுந்து விழுந்து சிரிப்பா. ரோட்டப் பாத்து ஓட்டணும்ல, அவளுக்குப் பாதி மூஞ்சிதான் தெரியும். பாதி மூஞ்சிக்கே அந்தச் சிரிப்பு. கொரலு போய்ச் சேந்ததே இல்ல.

இதோ, வாசலுக்கே திரும்பி வந்தாச்சு. வர்றாளா? டப்பா கையில இருக்கா பாருங்க, எனக்குத் திரும்பிப் பாக்கத் தைரியமில்ல. மாட்டிட்டே வர்றாளா?

எறங்காதீங்க சார், உக்காருங்க. மொதல்ல மெக்கானிக்கப் பேசிக் காட்டப் போறேன். ஒருவேள கொரலக் கேட்டு அவ சிரிக்கலன்னு வைங்க, பின்னாடி இருந்து நீங்களாவது கொஞ்சம் சிரிச்சு வைங்க.