அறுபதில் தோய்த்த யாக் ஸ்வெற்றர்

“செத்தவீட்டுக்குப் போட்டுக்கொண்டு போன உடுப்பைத் தோய்க்காமல் வீட்டுக்குள்ளை எப்பிடியப்பா வைக்கிறது?”

காலை ரயிலில் என் முன் இருக்கையில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா கேட்டார். பக்கத்தில் அவர் கணவர், பஸ் சாரதிகளின் ஜாக்கெட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தார்.

“தோய்க்கத்தான் வேணும். அதுக்காக மெஷினிலை அறுபது டிகிரிச் சூட்டிலை போடுறதே? யாக் மாட்டு மயிர். பச்சைத் தண்ணியிலை கையாலை அலசி, விரிச்செல்லோ காயவிடவேணும்.”

“கடைக்காரியும் சொன்னவள். மணக்காது, காத்தாட விட்டாலே காணும் எண்டவள். எனக்குச் செத்தவீட்டுத் துடக்கு எண்டதுதான் மண்டைக்குள்ளை நிண்டது.” குரல் இறங்கியது. “விடிய விடியக் குளிருக்குள்ளை பஸ் எடுக்கிறியள் எண்டு ஆசையாய் வாங்கினது. இப்ப சுருங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குத்தான் அளவு. காலமை தேடினனான், காணேல்லை. எறிஞ்சுபோட்டியளே?”

அவர் ஜாக்கெட்டின் சிப்பை இறக்கினார். உள்ளே பழுப்பு ஸ்வெற்றர், நெஞ்சை இறுக்கிப் பிடித்தபடி.

“கைதான் முழங்கையோடை நிண்டிட்டுது. சூடு முந்தியைவிடக் கூட.”

“மூச்சு விட ஏலுதே?”

“ஏலும், ஏலும்.”

அந்த அம்மா ஸ்வெற்றரின் விளிம்பை ஒருமுறை கீழே இழுத்துவிட்டார்.

“இனிச் செத்தவீட்டுக்கு மட்டும் இதைப் போடாதேங்கோ” என்று சொல்லி, சிப்பைத் தானே கழுத்துவரை இழுத்துப் பூட்டிவிட்டார்.