சோளக்குருவி போகாத மாடி

— கையை எடுங்க! பைனாகுலர் கண்ணாடி மேல விரல் ரேகை படுது.

— விரல் பட்டா வலிக்குதா? உன் கண்ணு தினம் எங்க வீட்டு மாடி மேல படுதே, அது எனக்கு எப்படி இருக்கும்? ஸ்ரீராம்புரத்துல எவனை வேணா கேளு. கோவிந்தன் நல்லவன், கோவம் வந்தா மட்டும் நல்லவன் இல்லைன்னு சொல்லுவான்.

— கோவிந்தன் சார், நான் பார்க்கிறது குருவி.

— சார் கீர் எல்லாம் வேணாம்யா. காலங்காத்தால மாவு மில்லு மாடி ஏறி, பைனாகுலரை வெச்சுக்கினு எதிர் மாடியைப் பார்க்கிறே. அங்க என் தங்கச்சி பாகீரதி துணி ஒணத்துறா. குருவியாம், குருவி!

— மில்காரர் நாராயணசாமிகிட்ட கேட்டுத்தான் ஏறினேன். என் பேரு ரெமிஜியஸ். கண்டோன்மெண்ட்ல சயின்ஸ் வாத்தியார்.

— ரெமிஜியஸா? ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகாம இங்க இன்னா வேலை? கேளு மேஷ்டரே. பத்து மணிக்கு ஓசூர்லேர்ந்து பொண்ணு பார்க்க வர்றாங்க. ஆறு பேரு. பையன் லாரி ஆபீஸ்ல கிளார்க்கு. அவங்க வண்டியை விட்டு எறங்கறப்ப எதிர் மாடியில ஒருத்தன் கண்ணுல குழாயை வெச்சுக்கினு நின்னான்னா, காபிகூட குடிக்காம திரும்பிடுவாங்க. மூணு வருஷமா அலைஞ்சு கெடைச்ச இடம்யா இது. எறங்கு.

— முடியாது.

— இன்னா சொன்னே?

— முடியாதுன்னேன். இன்னிக்கு ஏப்ரல் முப்பது. நாளைக்கு மே ஒண்ணு.

— அது எங்க வீட்டுக் காலண்டர்லயும் இருக்கு.

— இந்தச் சோளக்குருவிங்க குளிர்காலத்துக்கு இங்க வந்துட்டு, வெயில் ஏறினதும் குஞ்சு பொரிக்க ருஷ்யாப் பக்கம் போயிடும். பெங்களூர் முழுக்கத் தேடிட்டேன். அல்சூர் ஏரியில இப்ப ஒண்ணு இல்லை. ஹெப்பாள்ல ஒண்ணு இல்லை. உங்க மாடியில மட்டும் நேத்து நாப்பத்தாறு! ரோஸ் உடம்பு, கறுப்புத் தலை, தப்பே கிடையாது. பம்பாய்ல பறவைச் சங்கத்துக்கு எழுதினேன். மே மாசம் வரைக்கும் இருந்தா அச்சுல போடறோம்னு பதில் வந்திருக்கு. ஏழு வருஷமா ஸ்கூல் மணிக்கு முன்னாடி எழுந்து எழுதி வெச்சதுல, அச்சு ஏறப் போறது இது ஒண்ணுதான். நீங்க உதைச்சாலும் எறங்க மாட்டேன்.

— என் தங்கச்சி கல்யாணத்தை விட உனக்குக் குருவி பெருசா?

— உங்க தங்கச்சி எப்படி இருப்பாங்கன்னே எனக்குத் தெரியாதுங்க! இந்த நோட்டைப் பாருங்க. ஏப்ரல் பன்னெண்டு, ஆறே முக்கால், நூத்திப் பத்து. ஏப்ரல் இருபது, எண்பது. எங்கயாவது ஒரு பொண்ணு இருக்காங்களா?

— இருக்கே! இதோ. "கொடித் துணி அசைந்ததால் எண்ண முடியவில்லை." துணியை ஆட்டினது யாரு? காத்தா?

— யாரோ வந்தாங்க. குறுக்க நின்னாங்க.

— குறுக்கயா! எங்க வீட்டு மாடியில என் தங்கச்சி உனக்குக் குறுக்க நின்னாளா!

— ஆமாம், தினமும்! எத்தனை நாள் கணக்கு தப்பிச்சு தெரியுமா? அதையும் தாங்கிக்கிட்டு, இந்தக் கூட்டம் மட்டும் ஏன் போகலைன்னு மூணு பக்கம் எழுதியிருக்கேன். வெயில் கம்மியா, அத்திப் பழம் அதிகமா, ஒண்ணும் புரியலை.

— இதுக்கு மூணு பக்கமா? தினம் ரெண்டு படி சோளம் கொட்டினா எவன் எழுந்து போவான்? எங்க மச்சானே போக மாட்டான்.

— என்ன சோளம்?

— பாகீரதி போடற சோளம். விடியறதுக்குள்ள மாடி பூரா எறைச்சுடுவா. நீ பார்க்கலியா?

— கைப்பிடிச் சுவர் மறைக்குதே! எனக்குக் கொடியும் சுவர் மேலயும்தான் தெரியும். எத்தனை நாளா போடறாங்க?

— ஒரு மண்டலம் பட்சிக்குத் தானியம் போட்டா நல்ல இடம் அமையும்னு ஜோசியர் சொன்னாராம். இன்னிக்கு நாப்பத்தெட்டாவது நாள். பார்த்தியா, டாண்ணு ஓசூர் சம்பந்தம் வந்து நிக்குது!

— நாப்பத்தெட்டு நாளா? போச்சு. எல்லாம் போச்சு.

— இன்னா போச்சு?

— தீனி போட்டு நிறுத்தின குருவியை, தானா நின்னுச்சுன்னு பம்பாய்க்கு எழுதியிருக்கேன்! கூண்டுக் கிளியை எண்ணி அனுப்பினவன் மாதிரி. சிரிப்பாங்கய்யா, சிரிப்பாங்க! கூப்பிடுங்க உங்க தங்கச்சியை!

— என் தங்கச்சியை உன் முன்னாடி கூப்பிட்டு நிறுத்தணுமா? பல்லு பேந்துரும்!

— கூப்பிட வேணாம்ணா, வந்துட்டேன். தெருமுனை வரைக்கும் கேக்குது உங்க கலாட்டா.

— பாகீ! பட்டுப்புடவையைக் கட்டிக்கினு மில்லு படி ஏறி வர்றியே, மாவு ஒட்டாதா? போ கீழ!

— நீங்கதானா அது? யாருங்க உங்களைச் சோளம் போடச் சொன்னது? போற நேரத்துல போகலைன்னா அதுங்க எப்ப கூடு கட்டும், எப்ப குஞ்சு பொரிக்கும்? என் ஏழு வருஷத்தை ரெண்டு படி சோளத்துல நாசம் பண்ணிட்டீங்க!

— திட்டுங்க சார். நோட்டைப் பார்த்து இல்லை, என் மூஞ்சியைப் பார்த்துத் திட்டுங்க.

— ஏய், இன்னா பேச்சு இது? மேஷ்டரே, அவ மேல பாயாதே. ஜோசியர் சொன்னதைத்தான் செஞ்சா.

— எந்த ஜோசியரும் சொல்லலைண்ணா. மண்டலம்னு சொன்னா நீ மறுபேச்சு பேச மாட்டேன்னு நானே சொன்னது.

— நீயே சொன்னியா? எதுக்குடி? அவங்க வர்ற நேரமாச்சு, இப்பப் போய் இப்படிக் குண்டு போடறியே!

— வரட்டும். காபி குடுத்து அனுப்பிடு.

— பாகீ!

— மார்ச் மாசம் இந்தத் தெருவுல குருவி குறைஞ்சதும், இன்னியோட என் வேலை முடிஞ்சுது, இனிமே வர மாட்டேன்னு இவரு மில்காரர்கிட்ட சொல்லிட்டு எறங்கினாரு. நான் கீழ மாவுக்கு நின்னுக்கிட்டிருந்தேன். மறுநாள் விடியலேர்ந்து சோளம் போட ஆரம்பிச்சேன். குருவி நின்னா, இவரும் நிப்பாருல்ல.

— என்னை நிறுத்தவா?

— நீங்க பேசாதீங்க. என் கோவத்துக்கு முன்னாடி, எங்கண்ணனுக்கு உங்க மேல இருக்கிற கோவம் ஒரு கோவமே இல்லை. அண்ணா, இந்த ஆளு என்னைப் பார்த்தாருன்னுதானே அடிக்க வந்தே? நாப்பத்தெட்டு நாளு நான் அதுங்களுக்கு நடுவுல போய் நின்னேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தக் குழாய் எம்பக்கம் திரும்பலை. அதுக்கு அடி!